தீவிலிருந்து வராத கடிதங்கள்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்த அட்லஸ் டீச்சரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு உலகத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தவர் என்பார்கள் சிலர். பிள்ளைகளை ஏமாற்றியவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மைதான். நான் பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. அவர் வகுப்பில் பென்சில் விழுந்தால் என் வகுப்பில் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நடந்ததில் பெரும்பகுதியை நான் காதால் கேட்டவன். கொஞ்சத்தில் கையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பா பார்சல் ஆபீசில் மூட்டை பிரிக்கும் வேலையில் இருந்தவர். வெளிநாட்டு முத்திரை குத்திய காகிதங்களைக் கிழியாமல் பிரித்து மகளுக்குக் கொண்டுவருவாராம். அந்த ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் டீச்சர் வாசிக்கவே கற்றுக்கொண்டார். ஆனால் அவர் எங்கும் போனதில்லை. மூன்று மணி நேரப் பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம் எதையும் பார்த்ததில்லை. புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, "எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டபோது, "ஏர்போர்ட் கேட்டு வரைக்கும் போயிருக்கேன். நாத்தனாரை வழியனுப்ப" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். மாவும் உப்பும் பிசைந்து அட்டையில் அப்பி, மலையைக் கட்டை விரலால் தூக்கச் சொல்வார், ஆற்றுக்குச் சுண்டு விரலால் கோடு இழுக்கச் சொல்வார். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போய்த் தேங்குகிறதோ அங்கே ஊர் கட்டச் சொல்வார். ஆரஞ்சுத் தோலை ஒரே துண்டாக உரித்து மேசையில் தட்டையாக வைக்கச் சொல்வார். எப்படி வைத்தாலும் கிழியும். "கிழியாம வைக்க முடியலல்ல? மேப் போடறவங்களுக்கும் இதே கஷ்டம்தான். அதனாலதான் மேப்புல சில நாடு வீங்கியிருக்கும், சில நாடு சுருங்கியிருக்கும்" என்பார். என் பிள்ளைகள் பெருக்கல் கணக்கைப் போட்டபடி தடுப்பின் இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் அவர் பேனா நண்பர்கள் திட்டத்தை எடுத்தார். கடல் தாண்டி ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு ஆசிரியையை எப்படியோ மின்னஞ்சலில் பிடித்திருந்தார். இங்கே முப்பத்து நான்கு பிள்ளைகள், அங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர். ஆளுக்கொரு தோழன், தோழி. இரண்டு பக்கமும் எளிய ஆங்கிலத்தில் கையால் எழுத வேண்டும். எல்லாக் கடிதமும் ஒரே பெரிய உறையில் போகும், ஒரே உறையில் வரும். சுவரில் இருந்த கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் மாட்டி, தீவு நேரத்தை வைத்தார்கள். காலையில் முதல் பீரியடில் பிள்ளைகள் ரகசியக் குரலில் பேசிக்கொள்வார்கள். கேட்டால், "அங்க எல்லாரும் தூங்கறாங்க சார்" என்பார்கள்.

முதல் உறை ஆறு வாரத்தில் வந்தது. அன்று அந்த வகுப்பில் பாடமே நடக்கவில்லை, என் வகுப்பிலும்தான். ஒவ்வொருவரும் தன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

இரண்டாவது முறை எழுதி அனுப்பினார்கள். பதில் வரவில்லை. ஏழு வாரம், எட்டு வாரம், பத்து வாரம். அந்த ஆசிரியைக்கு டீச்சர் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. தினமும் காலையில் வருகைப் பதிவுக்கு முன்னாலேயே, "வந்துச்சா டீச்சர்?" என்று முப்பத்து நான்கு குரல் கேட்கும். பிறகு இருபது குரல் ஆனது. பிறகு ஐந்தாறு. ஒருநாள் யாருமே கேட்கவில்லை. அன்று வாசல் பெஞ்சில் இருந்த ஒரு பையன், "நம்மளை அவங்களுக்குப் பிடிக்கல போல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது டீச்சர் காதில் விழுந்துவிட்டது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கோடு போட்ட தாள்களை அடுக்கி உட்கார்ந்தார். முதலில் வந்த உண்மையான கடிதங்களைப் பிள்ளைகளிடம் பத்திரப்படுத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். ஒருத்தி 'ஐ' எழுத்துக்குப் புள்ளிக்குப் பதில் வட்டம் போடுவாள், ஒருவன் எல்லாவற்றையும் சாய்த்து எழுதுவான். அவர் கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார்.

"இத்தனை பிள்ளைக்கும் நீயே எழுதறியா?"

"ஒரே ஒரு தடவைதாங்க. அதுக்குள்ள நிஜமானது வந்துடும்."

"வரலன்னா?"

டீச்சர் அடுத்த தாளை எடுத்துவைத்தார்.

மறுநாள் என்னிடம் வந்தார். இருபத்தெட்டு முடிந்துவிட்டது, கையெழுத்து ஒரே மாதிரி வர ஆரம்பித்துவிட்டது, மிச்சம் ஆறு பேருக்கு நான் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வேடிக்கையாக இருந்தது. இடது கையால் எழுதினால் பத்து வயதுப் பிள்ளை எழுதியது போலவே வந்தது. எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

தீவைப் பற்றித் தெரிந்தது தீர்ந்துபோனதும் டீச்சர் இட்டுக்கட்டினார். அங்கே எல்லா வீட்டுக் கதவும் மஞ்சள் நிறம், கடலிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரிவதற்காக. படகுகள் திரும்பும்போது கடற்கரையில் ஒரு மணி அடிப்பார்கள், எத்தனை படகு வந்ததோ அத்தனை அடி. நூலகத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ஒரு தோழனுக்கு மூன்று கால் நாய் ஒன்றையும் கொடுத்தார். நான்காவது கால் எப்படிப் போனது என்று ஒரு பக்கம் எழுதினார்.

உறையைப் பிரித்துக் கொடுத்த அன்று வகுப்பு மறுபடி உயிர் பெற்றது. பிள்ளைகள் தாங்களாகவே தீவைச் செய்ய ஆரம்பித்தார்கள். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகள் வீடுகளாயின. கதவுக்கெல்லாம் மஞ்சள் வண்ணம். ஊதாக் காகிதத்தில் கடல், தீக்குச்சிப் பெட்டியில் படகு, பழைய சைக்கிள் மணி ஒன்று. பின் பெஞ்சுகளை நகர்த்திவிட்டு அறையின் பாதியை அந்தத் தீவே பிடித்துக்கொண்டது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி குனிந்து நின்று மணியை அடித்துப் பார்த்தார். "இந்த மஞ்சக் கதவு விஷயம் எனக்கே தெரியாதும்மா" என்றார். டீச்சரின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பாராட்டு வாங்குகிறவர் முகம் போல அது இல்லை. வருட முடிவில் பெற்றோரை எல்லாம் அழைத்துக் கண்காட்சி வைக்கலாம் என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை. பிள்ளைகள் மூன்றாம் முறை எழுதியதை டீச்சர் தபாலில் சேர்க்கவில்லை. வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இங்கே ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் என்பது அந்தச் சிறுமிக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். ஒரு வரி எழுதினால் நான்கு முறை அழிப்பாள். தாள் நைந்து ஓட்டை விழும்வரை அழிப்பாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் சொன்ன பிறகு தப்போ என்று உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அவள் கடிதங்கள் எப்போதும் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

பிள்ளைகள் எழுதுவதை முதலில் டீச்சர் திருத்தித் தருவார். அதைப் பார்த்து நல்ல தாளில் எழுதி, மடித்து, அவர்களே உறைக்குள் போடுவார்கள். மூன்றாம் முறை எழுதியவற்றை ஞாயிறு அன்று வீட்டில் பிரித்துப் படித்தபோது, ரப்பரின் கடிதத்தில் திருத்தித் தந்ததற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. ஆங்கிலத்தில் இல்லை, நம் எழுத்தில் இருந்தது. அந்தப் பத்தியில் ஓர் இடத்தில்கூட அழித்த தடம் இல்லை.

"உனக்கு இந்த எழுத்து தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் சொல் என்று அம்மா சொல்வாள். நான் போய்ச் சொல்வேன். சொல்லியாகிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல் என்று அப்பா சொல்வார். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். ஒருநாள் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அதனால் பெரிய சண்டை. இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுகூட யார் என்ன சொல்லச் சொன்னார்கள் என்று மறந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது. நீ படிக்க மாட்டாய். சரி. டாட்டா."

இதை டீச்சர் எனக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் காட்டினார். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒரு குழந்தை எழுதியதை நான் எடுத்துப் படித்துவிட்டேன் சார், என்றார். அந்தப் பெட்டியை அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். மூட மனம் வரவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் மனம் வரவில்லை. ரப்பரின் தோழி எழுதுவதாக, அவளுக்குப் புரியும் ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதினார். எங்கள் வீட்டிலும் கொஞ்ச நாள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை, கேஸ் தீர்ந்ததைக்கூட என்னைத்தான் சொல்லச் சொன்னார்கள், அது பிள்ளைகளின் வேலை இல்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன், என்று. தோழி வீட்டுக் கதை போல எழுதிவிட்டதால் ரப்பருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தார்.

ரப்பர் அந்தக் கடிதத்தை வகுப்பில் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். மற்றவர்கள் தங்கள் கடிதங்களை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் டீச்சரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

நான்காம் முறை எழுதிய உறை டீச்சரிடம் வந்தது. அந்த ஞாயிறு வீட்டில் ரப்பரின் கடிதத்தை அவர் முதலில் எடுத்தார். மேலே மூன்று வரி ஆங்கிலம், அழித்து அழித்து எழுதியது. கீழே நம் எழுத்து.

"இந்த எழுத்து தீவில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்தால் நீ டீச்சர். டீச்சர், நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மற்றவர்கள் பாவம்."

மறுநாள் திங்கள் காலை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார். பாட்டிலைக் குழாயடியில் பிடித்திருந்தார். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"சார், அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாருக்கு?"

"ரப்பருக்கு. அவளுக்கு எல்லாம் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு எழுதியிருக்கா. பத்து வயசுப் பொண்ணு எனக்குத் தைரியம் சொல்லுது சார்."

நான் சொன்ன யோசனையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "தனியா கூப்பிட்டுப் பேசி முடிச்சிடுங்க டீச்சர். அவதான் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாளே. வருஷம் முடிய இன்னும் எவ்வளவு நாள்" என்றேன். என் ஆறு கடிதங்கள்தான் என் மனதில் இருந்தன.

அன்று மதிய இடைவேளையில் டீச்சர் அவளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள். டீச்சர் அவள் நோட்டைப் புரட்டினார். "உன் கையெழுத்து இப்ப நல்லா வருது" என்றார். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அதைவிட மோசமானதை டீச்சர் அடுத்த வாரம் செய்தார். எல்லோருக்கும் பதில் எழுதினார். ரப்பருக்கு எழுதக் கை போகவில்லை. என்ன எழுதினாலும் அது அவமானம், எழுதாமல் விட்டாலும் அவமானம். உறையைப் பிரித்துக் கொடுத்தபோது முப்பத்து மூன்று பேர் கையில் தாள் இருந்தது.

"உன்னோடது இந்தத் தடவை வரலம்மா" என்றார் டீச்சர், எல்லோருக்கும் முன்னால்.

"சரி டீச்சர்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தேன். மேலே எண் எது, கீழே எண் எது என்று மறந்து நின்றுவிட்டேன்.

வகுப்புப் பையன்கள் சும்மா விடுவார்களா? "ஏன் உனக்கு மட்டும் வரல? என்ன எழுதின?" என்று துளைத்தார்கள். ரப்பர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நான்தான் அவளுக்குப் பிடிக்காதது ஏதோ எழுதிட்டேன். தப்பு என்மேலதான்."

அதற்குப் பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். டீச்சர் எழுந்து நின்றார் என்று புரிந்தது.

"எல்லாரும் லெட்டரைக் கீழ வைங்க" என்றார். "தப்பு அவமேல இல்ல. தீவிலிருந்து லெட்டரே வரல. முதல் தடவை வந்தது மட்டும்தான் நிஜம். அப்புறம் வந்த எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்."

என் வகுப்பும் தடுப்புப் பக்கம் திரும்பியது.

"அப்போ மஞ்சக் கதவு?" என்று ஒரு பெண் குரல்.

"நான் சொன்னதுதான்."

"மணி அடிக்கறது?"

"அதுவும்."

"செருப்பைக் கழட்டறது?"

"எல்லாமே என் கற்பனை."

பிறகு வாசல் பெஞ்சுப் பையன் மெதுவாகக் கேட்டான். "மூணு கால் நாய்?"

"அதுவும் நான்தாம்பா."

"அதுக்கு நான் போர்வை தைச்சு அனுப்பினேனே."

"என் வீட்டுல இருக்கு. பத்திரமா இருக்கு. நாளைக்குக் கொண்டுவந்து தரேன்."

"எனக்கு வேணாம்."

யாரோ ஒருவன் சிரித்தான். பயத்தில் வரும் சிரிப்பு. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் ரப்பரின் குரலை நான் முதல்முறையாகப் பெரிதாகக் கேட்டேன். "நான்தான் சொல்ல மாட்டேன்னு எழுதினேனே டீச்சர். ஏன் சொன்னீங்க?"

டீச்சர் அதற்குச் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "நீ ஏன் சுமக்கணும்? என் பொய்டா அது."

எல்லாவற்றையும் தானே எழுதியதாகச் சொல்லிவிட்டார். நான் ஐந்தடி தூரத்தில் சாக்பீசுடன் நின்றிருந்தேன். அந்த அறைக் கதவைத் திறந்து போய், நானும்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மணி அடிக்கும்வரை நின்றேன், போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னது அதற்கும் அடுத்த வாரம்.

தலைமை ஆசிரியை சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். "அதிகாரி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேனே டீச்சர் நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். கண்காட்சி ரத்தாயிற்று. கல்வி அலுவலகத்துக்கு விளக்கம் எழுதினார்கள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று, நடந்ததைத் தன் வாயால் சொன்னார். அவர் கணவர் டிப்போ சீருடையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிலர் கோபப்பட்டார்கள். சிலர், "இதுல என்னங்க இருக்கு, பிள்ளைங்க சந்தோஷத்துக்காகச் செஞ்சாங்க" என்றார்கள். அப்படிப் பரிந்து பேசியவர்களைப் பார்க்கத்தான் டீச்சரால் முடியவில்லை. குறிப்பாக ஒருவர், "இத்தனை பேருக்கும் உட்கார்ந்து எழுதியிருக்காங்களே, அதுக்கே கை தட்டணும்" என்று தட்ட ஆரம்பித்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டினார்கள். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாங்க, தயவுசெஞ்சு" என்று நிறுத்தினார்.

கூட்டம் கலைந்த பிறகு ரப்பரின் அம்மா மட்டும் நின்றார். கைப்பையின் பட்டையைச் சுருட்டிக்கொண்டு, டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"அவளுக்கு வந்த லெட்டரை நான் பார்த்தேன். அவ எழுதினதை நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேங்க. படிச்சிருக்கக் கூடாது."

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்குத் தெரியும்னு எனக்கு இப்பதான் தெரியுது. இத்தனை நாள் வாசல்ல உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்."

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். ரப்பரின் அம்மா கை காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு மாசமா அவ எதையும் கொண்டுபோய்ச் சொல்றதில்ல. நீங்களே சொல்லிக்கோங்கன்னுட்டு வெளிய போயிடறா. நாங்க நேரா பேச வேண்டியதாப் போச்சு. பேசினது ஒண்ணும் நல்ல பேச்சு இல்ல." கைப்பையைத் தோளில் மாட்டினார். "அவரு அடுத்த மாசம் வேற ஊருக்குப் போறாரு. உங்களால இல்ல. எப்பவோ முடிஞ்சுபோனது. ஆனா அவளை நடுவுல நிக்க வெச்சிருந்தோம்னு எங்களுக்கு ஒரு லெட்டர் சொல்ல வேண்டியிருந்துச்சு பாருங்க. அதை நினைச்சாத்தான்." முடிக்காமல் போய்விட்டார். நன்றி சொன்னாரா, திட்டினாரா என்று டீச்சர் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை.

தபாலில் சேர்க்காத கடிதங்களையெல்லாம் டீச்சர் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார். சிலர் வாங்கியவுடன் கிழித்தார்கள். அட்டைத் தீவைப் பிள்ளைகளே பிரித்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரு மதியம் தொடங்கி, சத்தமில்லாமல், மேசை மேசையாகக் கழற்றி மூலையில் அடுக்கிவிட்டார்கள்.

வருடம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது நிஜமான உறை வந்தது. அந்தத் தீவின் ஆசிரியை கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தாராம். நம் பிள்ளைகளின் கடிதங்கள் அவர் மேசை இழுப்பறைக்குள் பிரிக்கப்படாமலேயே கிடந்திருக்கின்றன. புதிதாக வந்த ஆசிரியை கண்டெடுத்துக் கொடுத்து, பிள்ளைகள் பதில் எழுதியிருந்தார்கள். மொத்தம் பத்தொன்பது கடிதம்.

இந்த முறை டீச்சர் உறையைத் தொடவில்லை. அலுவலக உதவியாளரையே வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, பிள்ளைகள் கையால் பிரிக்க வைத்தார். அவர்கள் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். தபால் தலையை நகத்தால் சுரண்டினார்கள். ஒரு பெண் கடிதத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் பிடித்து, டீச்சர் எழுதியிருந்த எழுத்தோடு ஒத்துப் பார்த்தாள். அவர் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நிஜமா டீச்சர்?"

"நிஜம்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் சொல்றதை வெச்சு நம்ப வேண்டாம். அந்த ஸ்கூலோட நம்பர் கடைசிப் பக்கத்துல இருக்கு. ஹெச்.எம். ரூமிலிருந்து போன் பண்ணிக் கேட்கலாம்."

மறுநாள் அப்படியே கேட்டார்கள். வாசல் பெஞ்சுப் பையன்தான் பேசினான். அங்கே நாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது, நான்கு காலும் இருக்கிறது என்று பதில் வந்தது. ரப்பருக்கு வந்த கடிதம் அந்தப் பத்தொன்பதில் இல்லை. டீச்சரால் அதை வாயால் சொல்ல முடியவில்லை. உறையை அவள் கையிலேயே கொடுத்துத் தேடச் சொன்னார். அவள் உள்ளே பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் டீச்சர் அதே பாடத்தை எடுத்தார். எடுக்க மாட்டேன் என்று ஒன்றாம் வகுப்புக்கு மாற்றல் கேட்டார். தலைமை ஆசிரியை தரவில்லை. "ஓடிப் போகலாம்னு பார்க்காதீங்க" என்றார். தூர தேசத்தை விட்டுவிட்டு, பள்ளியைச் சுற்றி நான்கு தெருவில் வேறு ஊரிலிருந்து வந்து குடியிருக்கிறவர்களைத் தேடிப் போகச் சொன்னார் டீச்சர். சலவைக் கடைக்காரர், நர்ஸ், பூட்டு ரிப்பேர் செய்கிறவர். உங்க ஊர்ல ஆறு இருக்கா, குளிர்ல என்ன உடுத்துவீங்க, சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க என்று பிள்ளைகள் நோட்டில் கேட்டு எழுதிவந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை யார் சொன்னது என்று எழுத வேண்டும். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். டீச்சர் எதைச் சொன்னாலும், "யார் சொன்னது டீச்சர்?" என்று கோரஸாகக் கேட்பார்கள். அவர்களுக்குப் பழைய கதை தெரியாது. கேட்கும் ஒவ்வொரு தடவையும் டீச்சரின் காது சிவப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் அப்போது என் வகுப்பில் இருந்தாள். நடைபாதையில் டீச்சர் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நடப்பாள். வணக்கம் சொல்வாள், நிற்க மாட்டாள். அரை வருடம் இப்படியே போயிற்று.

ஒரு புதன்கிழமை, மதிய இடைவேளையில், அவள் நான்காம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். டீச்சர் தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சர், பெரிய மேப் இருக்கா? ரோடு எல்லாம் போட்டது."

"இருக்கு, உள்ள வா."

அலமாரி திறக்கும் சத்தம். காகிதம் விரியும் சத்தம்.

"அப்பா இருக்கற ஊர் எங்க இருக்குன்னு பார்க்கணும். பஸ்ல ஆறு மணி நேரம்னு சொன்னாரு." ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

டீச்சர் தேடினார். அந்த ஊருக்கு அவர் போனதில்லை. விரல் காகிதத்தில் உரசுவது கேட்டது. "இதோ. நாம இங்க இருக்கோம். நேர்க்கோட்டுல அளக்கக் கூடாது, ரோடு வளைஞ்சு போகும். இந்த நூலை ரோட்டு மேலயே வெச்சுக்கிட்டு வா. அப்புறம் கீழ இருக்கற அளவுகோல்ல வெச்சுப் பாரு."

அவள் மெல்ல எண்ணுவது கேட்டது.

"வழியில மலை இருக்கா டீச்சர்?"

முன்பென்றால் டீச்சர் மலையைப் பற்றி ஒரு கதையே சொல்லியிருப்பார்.

"மேப்புல பழுப்புக் கலர் இருக்கு, அப்போ மேடாத்தான் இருக்கணும். எவ்வளவு மேடுன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் அந்தப் பக்கம் போனதில்ல."

"லீவுக்கு நான் போறேன். பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் ரப்பர். நூலைச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் என் வகுப்புக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் வரைபடத்தை மடிக்கும் சத்தம் வெகுநேரம் வரவில்லை. பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்த பிறகுதான் கேட்டது.